ஸ்காட்லாந்துக்காரர்கள் எதைத் தேடி ஊர் திரும்புகிறார்கள்?

வாசகர் கேள்வி: 18 நவம்பர் 2023

இந்தக் கோடையில் எடின்பரோவிலும் இன்வர்னெஸ்ஸிலும் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தோம். மழை, மலை, மறுபடியும் மழை. சாப்பாடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் அகப்படவில்லை. ஆனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் குலப்பெயர் பொறித்த சாவிக்கொத்துகளும் கட்டம் போட்ட கம்பளித் துண்டுகளும் குவிந்து கிடக்கின்றன. இவர்களுடைய ஊர் ஏக்கம் முழுவதும் சுற்றுலாத் துறை தயாரித்த சரக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே வாழ்ந்தவர்கள் யாரேனும் மறுக்க முடியுமா?

19 நவம்பர் 2023

பாதியை மறுக்கிறேன். சாவிக்கொத்து பற்றிய பாதி உண்மைதான். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்து 250 ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, ஸ்காட்லாந்து அரசு 2009ஆம் ஆண்டைத் தாயகம் திரும்பும் ஆண்டாக அறிவித்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் வாழும் வம்சாவளியினரை வரவழைத்தது. பேனக்பர்ன் போரின் 700ஆம் ஆண்டான 2014இல் அதையே மீண்டும் நடத்தியது. ஐந்து தலைமுறைக்கு முன்பு கப்பலேறியவரின் கொள்ளுப்பேரனிடம் "உன் ஊருக்கு வா" என்று சொல்லி அறை வாடகை வசூலிப்பதை ஏக்கம் என்று நானும் அழைக்க மாட்டேன்.

மறுக்கும் பாதி வேறு. எண்ணெய்த் துறைப் பொறியாளனாக அபர்தீனில் வேலை பார்த்த காலத்தில், அதற்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஸ்டோன்ஹேவனில், ஒரு மீனவரின் விதவை வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருடைய மூத்த மகன் மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலையில் இருந்தார். டிசம்பர் கடைசியில் அவர் ஊருக்கு வருவதற்கு எந்த அரசும் விளம்பரம் செய்யவில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் தாயைப் பார்ப்பதற்கு முன்பே ரொட்டிக் கடைக்குப் போவார். அதில் வீட்டுக்கார அம்மாவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பையில் பாதி அவருக்கு.

21 நவம்பர் 2023

அப்படி என்ன ரொட்டி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ரௌவி. வெளியூர்களில் பட்டரி என்பார்கள். உள்ளங்கை அகலத்தில், தட்டையாக, மேலே பழுப்பு நிறத்தில் குமிழ் விட்டு, உதிரும் அடுக்குகளோடு இருக்கும். மாவு, ஈஸ்ட், பன்றிக் கொழுப்பு, தாராளமான உப்பு, அவ்வளவுதான் சேர்மானம். கடலுக்குப் போகும் மீனவர்களுக்குப் பல நாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உண்டானது என்பது அந்தப் பக்கத்து வழக்கு. சூடாக்கினால் கொழுப்பு கசிந்து விரலில் ஒட்டும். அதன்மேல் இன்னும் வெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை; பேசினாலும் அபர்தீன்காரர்கள் கேட்பதில்லை.

முக்கியமான சங்கதி என்னவென்றால், வடகிழக்குக் கரையைத் தாண்டினால் இது எளிதில் கிடைக்காது. எடின்பரோவில் ஒரு வாரம் தேடினாலும் சுமாரானதுதான் அகப்படும். கேள்வி கேட்ட நண்பருக்குச் சாப்பாடு அகப்படாததன் காரணமும் அதுவே. ஸ்காட்லாந்தின் உணவு கரைக்குக் கரை, துறைமுகத்துக்குத் துறைமுகம் பிரிந்து கிடப்பது. கல்லன் என்ற சிறு துறைமுகத்தின் பெயரால் வழங்கும் கல்லன் ஸ்கிங்க் அதற்கு நல்ல உதாரணம். புகையிட்ட ஹாடக் மீனைப் பாலில் மெல்ல வேகவைத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்துச் செய்யும் கெட்டியான சூப் அது. மீனும் பாலும் ஒன்றாகச் சேரக்கூடாது என்று வளர்ந்தவன் நான். முதல் கரண்டியை வாயில் வைப்பதற்கு எனக்கு நெடுநேரம் பிடித்தது. இரண்டாவது கிண்ணம் கேட்கப் பிடிக்கவில்லை.

22 நவம்பர் 2023

மேலே உள்ள கடைசி வரியை ஒருவர் தவறாக வாசித்துவிட்டார். கேட்பதற்கு நேரம் பிடிக்கவில்லை என்று பொருள். நன்றாகவே பிடித்திருந்தது.

25 நவம்பர் 2023

"ஆர்புரோத் ஸ்மோக்கி என்பது நம் கருவாடுதானே" என்று ஒரு தூத்துக்குடி நண்பர். இல்லை. கருவாடு வெயிலில் காய்வது. அந்த நாட்டில் அதற்கு வெயில் ஏது? ஹாடக் மீனின் தலையை நீக்கி, உப்பிட்டு, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, கழியில் தொங்கவிட்டு, கடின மரக்கட்டைத் தீயின்மேல் ஈரச் சாக்கால் மூடிவிடுகிறார்கள். புகையும் நீராவியும் சேர்ந்து மீன் உள்ளேயே வெந்துவிடும். வாங்கிய இடத்திலேயே நின்று, எலும்பைக் கழற்றிச் சுடச்சுடத் தின்ன வேண்டும். 2004 முதல் இதற்குப் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. ஆர்புரோத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம். வேடிக்கை என்னவென்றால், இந்த முறை ஆர்புரோத்தில் பிறந்ததே அல்ல. சற்று வடக்கே, பாறை உச்சியில் இருக்கும் ஆக்மித்தி என்ற மீனவச் சிற்றூரிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள் கொண்டுவந்தது.

2 டிசம்பர் 2023

"மனிதக் கை படாத இயற்கை" என்று நேற்று ஒருவர் வடக்குப் பள்ளத்தாக்குகளைப் பற்றி எழுதியிருந்தார். படங்களில் அப்படித்தான் தெரியும்: மரமில்லாத மலைச்சரிவு, ஆகஸ்டில் ஊதா நிறமாகும் ஹீதர், ஒரு ஓடை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீடுகூட இல்லாத வெளி. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்த வெறுமை இயற்கை தந்தது அல்ல.

சதர்லாந்தில் இருக்கும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இல் குடியானவர்களை வெளியேற்றிக் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். நில உரிமையாளர்களுக்குச் செவியட் இனச் செம்மறியாடுகள் அதிக வாடகை கொண்டுவந்தன. கேலிக் மொழி பேசும் குத்தகைக் குடிகள் கொண்டுவரவில்லை. தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பேட்ரிக் செல்லர் என்ற எஸ்டேட் அதிகாரி 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் விடுதலை பெற்று, அதே பள்ளத்தாக்கில் பெரிய ஆட்டுப் பண்ணையாளராக வாழ்ந்தார். மக்களைக் கடற்கரைக்குத் தள்ளினார்கள். பலர் அங்கிருந்து கப்பலேறினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் ரோசல் கிராமத்தில் இன்றும் நடந்து பார்க்கலாம். வீட்டு அடித்தளங்கள் புல்லுக்குள் மேடுகளாகத் தெரிகின்றன. எது அடுப்படி, எது மாட்டுக் கொட்டில் என்று அறிவிப்புப் பலகை சொன்னால்தான் விளங்கும்.

மரங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். பழைய பைன் காடு சிறு துண்டுகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. வெட்டியது ஒரு பக்கம். பின்னர் வேட்டைக்காகப் பெருக்கிய செம்மான்கள் முளைக்கும் கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுவது இன்னொரு பக்கம். வேலி போட்டு மானைத் தடுத்த இடங்களில் பைன் கன்றுகள் தாமாகவே எழுகின்றன.

ஆகவே, வம்சாவளியினரை வரவேற்க அச்சிட்ட சுவரொட்டியில் ஆளில்லாத பள்ளத்தாக்கின் படத்தைப் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும். அந்த இடம் அழகாக இருப்பதற்குக் காரணமே அவர்களுடைய முன்னோர் அங்கே இல்லாமற்போனதுதான்.

3 டிசம்பர் 2023

நேற்றைய குறிப்பு கனமாகிவிட்டது என்கிறார்கள். சரி, மிட்ஜ் பற்றிச் சொல்கிறேன். அது நம் கொசுவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு கடிக்கும் பூச்சி. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குக் கரையில், காற்று அடங்கிய மாலையில் மேகமாக எழும். இலேசான காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. அதனால்தான் அந்த ஊரில் புயல் அடித்தால்கூட மக்கள் நன்றி சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். எந்தச் சுற்றுலா விளம்பரப் படத்திலும் தென்படாத உயிரினம் அது ஒன்றுதான். மே மாதம் போங்கள்.

9 டிசம்பர் 2023

மன்றோ மலைகள் நம் சென்னைத் தீவுத்திடல் மன்றோ பெயரில் அமைந்தவையா என்ற கேள்வி வந்திருக்கிறது. அல்ல. 3000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிகரங்களை 1891இல் பட்டியலிட்டவர் ஹியூ மன்றோ. இன்றைய பட்டியலில் 282 சிகரங்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஏறி முடிப்பதை ஆயுள் வேலையாக வைத்திருப்பவர்கள் ஏராளம்.

நம் மன்றோ, அதாவது தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் 1761இல் பிறந்தவர். அவருடைய கதையும் இந்த இழைக்குப் பொருந்துகிறது. சென்னை ஆளுநர் பதவியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பவிருந்த நேரத்தில், தமக்கு வேண்டிய மாவட்ட மக்களிடம் விடைபெறப் போன பயணத்தில், 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். கல்வெட்டுகளையும் ஓலைச்சுவடிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சியோ லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்து 1783இல் புறப்பட்டவர். திரும்பவே இல்லை, 1821இல் வங்காளத்தில் இறந்தார். அவர் திரட்டியவற்றில் ஒரு பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. இவர்கள் ஆளவந்தவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அவர்கள்மேல் இரக்கப்பட இங்கே யாரையும் அழைக்கவும் இல்லை.

10 டிசம்பர் 2023

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் பிறந்த வாசகர் ஒருவர், தாம் வளர்ந்த பகுதியில் பால்மோரல், ஹோலிரூட், வேவர்லி, டன்சினேன் என்று தோட்டங்களுக்குப் பெயர் இருந்ததையும், அவை எங்கிருந்து வந்தன என்று பள்ளியில் யாரும் சொல்லித் தராததையும் எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்துத் துரைமார் வைத்த பெயர்கள் அவை. இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் வணிக அளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரிலிருந்து வந்தவர்தான். அவர்கள் தம் ஊர் நினைவில் மலைக்குப் பெயர் சூட்டினார்கள். அந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து லயன் அறைகளில் தங்கினார்கள்; தம் ஊரின் பெயரை எதற்கும் வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களில் இலட்சக்கணக்கானோரைத் தாயகம் திரும்பியோர் என்ற பெயரில், பலர் கண்ணால் கண்டிராத தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். இதற்குத் தனி இழை வேண்டும். ஹட்டன் நண்பர் தொடங்கினால் அங்கே வருகிறேன்.

12 டிசம்பர் 2023

நேற்று வெளியான, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் மீன் அழியும் ஆபத்தில் உள்ளதாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஊர் திரும்புதலைப் பற்றிப் பேசும்போது இந்த மீனை விட முடியாது. ஆற்றில் பிறந்து, கிரீன்லாந்துப் பக்கம் வரை கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே வந்து சேரும். கடைசிக் கட்டத்தில் அந்த ஆற்று நீரின் வாசனையே அதற்கு வழிகாட்டி.

பிட்லாக்ரியில் நீர்மின் அணை கட்டியபோது, மீன் ஏறிப்போவதற்காக 34 தொட்டிகள் கொண்ட படிக்கட்டு ஒன்றையும் பக்கத்தில் கட்டினார்கள். ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு மீன் ஏறிச் செல்கிறது. நான் போன நாளில் ஒன்றுகூட வரவில்லை. பக்கத்தில் நின்ற முதியவர், தாம் சிறுவனாக இருந்தபோது பார்த்ததைக் கைகளை அகல விரித்துக் காட்டினார். மீன்காரர்களின் அளவு எந்த நாட்டிலும் நம்பத் தக்கதல்ல என்றாலும், அவர் சொன்ன குறைவு உண்மை. கடலின் வெப்பம், ஆற்றுத் தடுப்புகள், கூண்டுப் பண்ணைகளிலிருந்து பரவும் கடல்பேன் என்று காரணங்கள் பல. தட்டில் வரும் ஸ்காட்லாந்து சால்மன் அநேகமாகக் கூண்டில் வளர்ந்தது. அதற்குத் திரும்பிப்போக ஆறு கிடையாது.

பறவைகள் பக்கம் செய்தி சற்று நல்லது. வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் அற்றுப்போன விராலடிப்பான் 1954இல் தானாகவே ஸ்ட்ராத்ஸ்பே பகுதிக்குத் திரும்பிக் கூடு கட்டியது. லாக் கார்டன் ஏரிக்கரையில் இரவும் பகலும் ஆள் வைத்துக் காவல் காத்தார்கள். வெண்வால் கடற்கழுகு தானாக வரவில்லை. 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள். 1985இல் மல் தீவில் முதல் குஞ்சு வெளியேறிப் பறந்தது. தம் ஆட்டுக்குட்டிகளைத் தூக்குகிறது என்று அதன்மேல் கோபமாக இருக்கும் சிறு குடியானவர்களும் அங்கே உண்டு. அவர்களுடைய கோபத்தை நகரத்தார் கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை.

28 டிசம்பர் 2023

பதில் எழுதத் தாமதம். நேற்றைய புயலில் வடக்கே போகும் ரயில்கள் நின்றுவிட்டன. ஹாக்மனே என்கிற ஆண்டிறுதி இரவுக்குள் ஸ்டோன்ஹேவன் போய்விடுவேன்.

1 ஜனவரி 2024

புத்தாண்டு வாழ்த்துகள். கிறிஸ்துமஸை விட இந்த இரவுக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று கேட்டவருக்கு: மதச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த ஸ்காட்லாந்துத் திருச்சபை கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை ஏற்கவில்லை. அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறையானதே 1958இல்தான். ஆகவே குடும்பம் கூடுவதெல்லாம் ஆண்டிறுதி இரவில் என்றாயிற்று. மறுநாள் தெளிவதற்கு ஜனவரி 2ஆம் தேதியும் விடுமுறை. இங்கிலாந்தில் அது கிடையாது.

நள்ளிரவுக்குப் பிறகு வாசற்படியை முதலில் மிதிப்பவர் கருத்த முடியுள்ள ஆணாக இருந்தால் அந்த ஆண்டு முழுவதும் வீட்டுக்கு நல்லது என்பது நம்பிக்கை. கையில் ஒரு கரித்துண்டு, ஷார்ட்பிரெட், விஸ்கி கொண்டுவர வேண்டும். வெளிர்முடியுள்ளவன் வந்தால் வைக்கிங் கொள்ளைக்காரனின் ஞாபகமாம். செம்முடிக்காரர்கள் நிறைந்த அந்தத் தெருவில் நான் குடிவந்த முதல் டிசம்பரிலேயே எனக்கு ஏற்பட்ட கிராக்கியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் என் விண்ணப்பங்களுக்கு இல்லாத மரியாதை என் தலைமுடிக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மா என்னைக் கொல்லைப்புறமாக வெளியே அனுப்பி, பன்னிரண்டு அடித்ததும் முன்வாசலில் வரச் சொல்லுவார். அதன் பிறகு பக்கத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மிடறு விஸ்கியை மறுக்கக் கூடாது. இப்போது நரைத்துவிட்டது, நேற்று என்னை யாரும் அழைக்கவில்லை.

பின்சேர்க்கை, அதே நாள்:

மகிழ்ச்சியாக எழுதி முடித்தபின் இதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1919 ஜனவரி 1 அதிகாலையில், முதல் உலகப் போரிலிருந்து உயிர் பிழைத்து லூயிஸ் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கடற்படையினரை ஏற்றிவந்த ஐயோலேர் என்ற கப்பல், ஸ்டோர்னோவே துறைமுகத்தின் வாயிலில் பாறையில் மோதி மூழ்கியது. 201 பேர் இறந்தார்கள். கரை கல்லெறி தூரத்தில் இருந்தது. ஜான் மெக்லவுட் என்பவர் கயிற்றோடு நீந்திக் கரையேறி, அந்தக் கயிற்றின் வழியாக நாற்பது பேர் அளவில் பிழைக்க வழி செய்தார். வீடுகளில் புத்தாண்டு விருந்து காத்திருந்தது. அந்தத் தீவில் பல தலைமுறைகள் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்து இளைஞர்கள் கூட்டமாகக் கனடாவுக்குப் போனதற்கு நிலமின்மையும் வேலையின்மையும் காரணம் என்பார்கள். இந்த இரவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

6 ஜனவரி 2024

நவம்பரில் வம்சாவளியினரைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் எனக்கே இப்போது கடுமையாகப் படுகிறது. சதர்லாந்து எல்லையில், குரோயிக் என்ற இடத்தில் ஒற்றையாக நிற்கும் சிறு தேவாலயத்தை முன்பு ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். 1845 மே மாதம் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 80 பேர், தேவாலயத்துக்குள் தங்குவது தகாது என்று எண்ணி, கல்லறைத் தோட்டத்தில் துணிக் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். சாளரக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தங்கள் செய்தியைக் கீறிவைத்தார்கள். அதில் ஜமீன்தார்மேல் ஒரு சாபமும் இல்லை. தங்களைத்தான் தீய தலைமுறை என்று குறித்திருக்கிறார்கள். கீறல்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

அங்கே கனடாவின் நோவாஸ்கோஷியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி கண்ணாடிக்கு அருகில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் கட்டம் போட்ட துண்டு இருந்தது. நீங்கள் சொன்ன அதே கடைச் சரக்குதான். தம் குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கா, அடுத்ததா என்று தமக்குத் தெரியாது என்றார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து நிற்கிறேன் என்றார். அந்தத் துண்டைப் பார்த்து நான் எடைபோட்டிருந்தால் அவரிடம் பேசியிருக்கவே மாட்டேன். விளம்பரத்தின் மேல் எனக்கு உள்ள எரிச்சல் அப்படியே இருக்கிறது. அதை நம்பி வந்தவர்கள்மேல் அது திரும்ப வேண்டியதில்லை.

நிலத்தின் பக்கமும் எல்லாம் பழையபடியே இல்லை. 1993இல் அசின்ட் குடியானவர்கள் தாங்கள் குத்தகைக்கு உழுத எஸ்டேட்டைப் பணம் திரட்டி விலைக்கு வாங்கினார்கள். 1997இல் எய்க் தீவு அதன் குடிகளின் பொறுப்புக்கு வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் பெரும்பாலான நிலங்களில் நடந்து செல்லலாம். எனக்குத் தெரிந்து அந்த நாட்டின் மிக நல்ல பண்டம் இந்தச் சட்டம்தான். ஏற்றுமதி செய்ய முடியாது என்பது ஒன்றுதான் குறை.

14 ஜனவரி 2024

டேப்லட் என்ற ஸ்காட்லாந்து இனிப்பின் செய்முறை கேட்டவருக்கு: சர்க்கரை, வெண்ணெய், டின் பால். கருகாமல் கிளறி, இறக்கியபின் கை ஓயும் வரை அடித்து, தட்டில் கொட்டி வில்லை போடுவது. திரட்டுப்பாலை இறுகவிட்டு உடைத்தது போல இருக்கும். அடிப்பதை நிறுத்தினால் பாகாகவே நின்றுவிடும்.

26 ஜனவரி 2024

நேற்று பர்ன்ஸ் பிறந்தநாள் விருந்து. குழல் இசையோடு ஹாகிஸை ஏந்தி வருவார்கள். ஒருவர் பர்ன்ஸ் அதைப் போற்றி எழுதிய பாட்டைச் சொல்லி, உரிய வரி வந்ததும் கத்தியால் கீறுவார். ஹாகிஸ் என்பது ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகோடு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைப்பது. நுரையீரல் சேர்வதால் அமெரிக்கா 1971 முதல் இதன் இறக்குமதியைத் தடை செய்திருக்கிறது. ஆட்டுக் குடலும் ஈரலும் சமைக்கிற நம்மவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு விளங்காத ஒன்று. உறைப்பே இல்லை என்றவர் நல்ல கசாப்புக் கடை ஹாகிஸைத் தின்னவில்லை. மிளகு நாக்கில் நிற்கும்.

சைவர்கள் கேட்டிருந்தீர்கள். 1984இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக் கவிதை நூலகத் திறப்பையொட்டி, ஹாகிஸ் செய்யும் குடும்பம் ஒன்று பருப்பு, பயறு, காய்கறி, ஓட்ஸ் சேர்த்துச் சைவ வகையை அறிமுகம் செய்தது. இப்போது சாதாரண அங்காடிகளிலும் கிடைக்கிறது. விருந்தன்று மீந்ததை எறிய வேண்டாம். மறுநாள் காலையில் மசித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து, தட்டையாகத் தட்டி, வாணலியில் அடி முறுகும் வரை வறுத்து எடுங்கள். மேலே ஒரு முட்டை. சைவர்களுக்கு முட்டை வேண்டாம், வெங்காயத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.